ஹன்ஸ்லெட் ஆஸ்டெரிட்டி: குளிர்காலப் பட்டறையில் வைத்து ஒரு மதிப்புரை

பாரம்பரிய ரயில் பாதைக்கு நீராவி எஞ்சின் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை பெட்டி இழுக்கும் என்று. அடுத்து, நிலக்கரி எவ்வளவு தின்னும் என்று. மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும், அதைப் பலரும் கேட்பதில்லை: ஜனவரியில் பிரித்துப் போட்டிருக்கும்போது ஒரு பாகம் உதவாது என்று தெரிந்தால், அதே பாகம் வேறு எந்த எஞ்சினில் இருக்கிறது? பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் எஞ்சின்களில் முதல் வரிசையில் நிற்பது ஹன்ஸ்லெட் ஆஸ்டெரிட்டி. இழுவையையும் ஓட்டத்தையும் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே அதைக் குளிர்காலப் பட்டறையில் நிறுத்தி, இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே பாகம் மாற்றுவதற்கு எவ்வளவு தோதானது என்று மட்டும் பார்க்கிறோம்.

எஞ்சினைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆறு சக்கரம், ஆறும் இணைக்கப்பட்டவை. பாய்லரின் முதுகில் சேணம் போலக் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி, கொள்ளளவு 1,200 காலன். சட்டங்களுக்கு நடுவே 18 அங்குல விட்டமும் 26 அங்குல ஓட்டமும் கொண்ட இரண்டு சிலிண்டர். சக்கர விட்டம் 4 அடி 3 அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு, எடை 48 டன் சொச்சம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு, யார்டில் பெட்டிகளைத் தள்ளி இடம் மாற்றும் ஷண்டிங் எஞ்சின் தேவைப்பட்டபோது, எல்.எம்.எஸ். என்ற ரயில் கம்பெனியின் ‘ஜின்ட்டி’ வகையையே கட்டலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனி தன்னுடைய 50550 வகையை எளிமையாக்கித் தருவதாகச் சொல்லி அந்த வேலையை வாங்கியது. 1943 தொடக்கத்தில் முதல் எஞ்சின் வெளிவந்தது. 1964-ல் கடைசி எஞ்சின், ஹன்ஸ்லெட் எண் 3890. மொத்தம் 485. ஹன்ஸ்லெட்டோடு ஆண்ட்ரூ பார்க்லே, பாக்னல், ஹட்ஸ்வெல் கிளார்க், ராபர்ட் ஸ்டீவன்சன் அண்ட் ஹாதார்ன்ஸ், வல்கன் ஃபவுண்ட்ரி, யார்க்ஷயர் எஞ்சின் கம்பெனி என்று ஏழு தொழிற்சாலைகள் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டின. போர் முடிந்ததும் 75 எஞ்சினை எல்.என்.இ.ஆர். என்ற ரயில் கம்பெனி வாங்கி ஜே94 என்று பெயரிட்டது. 27 எஞ்சின் நெதர்லாந்து ரயில்வேக்குப் போயிற்று. மற்றவற்றில் பெரும்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு. இன்றைக்குச் சுமார் 70 எஞ்சின் பிழைத்திருக்கிறது. ஒரே வகையில் இத்தனை மிஞ்சியது அபூர்வம், பாகம் மாற்றும் பேச்சே இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

1,000 டன் ரயிலைச் சமதளத்தில் கிளப்ப வேண்டும், 100-க்கு 1 ஏற்றத்தில் 550 டன், 50-க்கு 1 ஏற்றத்தில் 300 டன் என்பது போர்க்காலத்தில் கேட்கப்பட்ட திறன். இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள பாரம்பரியப் பாதையான கென்ட் அண்ட் ஈஸ்ட் சஸெக்ஸ் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். டென்டர்டன் ஊருக்கு ஏறும் சரிவு 50-க்கு 1. வெறும் பெட்டி 33 டன் என்று வைத்தால் ஐந்து பெட்டிக்கு 165 டன், ஆட்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இடுப்பொடியாமல் ஏறிவிடும். அந்தப் பாதையிடம் இந்த வகையில் மூன்று இருக்கின்றன: 23, 24, 25 என்று எண்ணிட்ட மூன்றும் 1952, 1953-ல் ராணுவத்துக்காக ஹன்ஸ்லெட்டே கட்டிய ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. ஒன்று வாங்குவதற்கும் ஒரே தொகுதியில் மூன்று வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேறு உதாரணம் தேவையில்லை.

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் தாத்தா ரயில்கள் முடிந்ததும் ஜனவரியில் ஓட்டம் நின்றுவிடும். பிப்ரவரி நடுவில் பள்ளி விடுமுறைக்கோ, தவறினால் ஈஸ்டருக்கோ எஞ்சின் திரும்ப நெருப்பு மூட்டியாக வேண்டும். ஆறிலிருந்து பத்து வாரம். புதிதாக ஒரு வார்ப்புக்குச் சொல்லி, வந்ததைக் கடைந்து மாட்ட அந்தக் காலம் போதாது. ஆகவே பத்தாண்டுப் பெரிய பராமரிப்புக்காக ஷெட்டின் மூலையில் வரிசையில் நிற்கும் எஞ்சினிடம்தான் எல்லோரும் போவார்கள். அங்கேதான் ‘ஒரே வரைபடம், ஒரே பாகம்’ என்ற நம்பிக்கை சோதனைக்கு வருகிறது.

முதலில் இந்த வகையில் தெரிந்துகொள்ள வேண்டியது: சுரங்கப் பட்டறைகள் இருபது வருடம் ஏற்கெனவே இதே வேலையைச் செய்திருக்கின்றன. சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முனையில் எஞ்சினின் தொழிற்சாலை எண் குத்தியிருக்கும். அதன்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் வேறொரு எண், சில சமயம் அதையும் அடித்து மூன்றாவது எண். இடப்பக்க ராடு ஓர் எஞ்சினுடையது, வலப்பக்க ராடு இன்னொன்றுடையது என்றுகூட இருக்கும். பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை வைத்துப் பாகங்களை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் அதனதன் குத்தெண்ணோடு, அளவோடு எழுதி வைத்த பிறகே மாற்றம் பற்றிப் பேச வேண்டும்.

சுலபமானவை சுலபமானவைதான்: பிரேக் கட்டைகள், பஃபர், கப்ளிங் கொக்கி, மணல் பெட்டி, நெருப்புக் கதவு, தணல் கம்பிகள். கழற்றி மாட்டி ஓட்டலாம். பிரேக் இணைப்புகளின் ஊசித் துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் புஷ், அதாவது துளைக்குள் இறுக்கும் உலோக வளையம், போட வேண்டும், அவ்வளவே.

ஸ்பிரிங் கொஞ்சம் ஏமாற்றும். பட்டை ஸ்பிரிங் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பட்டைகளின் எண்ணிக்கை, தடிமன், சுமையில்லாதபோது உள்ள வளைவு, சுமையேற்றியபோது மிஞ்சும் வளைவு நான்கும் ஒத்துப்போனால்தான் அது ஜோடி. ஒரே அச்சின் இரு முனைக்கும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். 48 டன் எஞ்சினில் சராசரியாக அச்சுக்கு 16 டன் வருகிறது. ஒரு மூலையில் மட்டும் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அந்தச் சக்கரம் கூடுதலாகச் சுமக்கும், அதே அச்சின் மறுமுனை இலகுவாகும். அச்சின் முனையைத் தாங்கும் ஆக்சில்பாக்ஸ் சூடாகி எண்ணெய் புகைவதில் போய் முடியும். மாற்றிய பின் சக்கரம் சக்கரமாக எடை பார்க்காமல் விடக் கூடாது.

இன்ஜெக்டர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கைமாறுவது அதுதான், அதிகம் திட்டு வாங்குவதும் அதுதான். பாய்லருக்குள் தண்ணீர் செலுத்த இரண்டு இருக்கும். ஒன்று பிடிவாதம் பிடித்தால் பக்கத்து எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டத் தோன்றும். மாட்டுவதற்கு முன் உடலில் குத்தியுள்ள அளவெண்ணைப் பாருங்கள். பிறகு இடக்கையா வலக்கையா என்று பாருங்கள். உள்ளே நீராவிக் கூம்பு, கலப்புக் கூம்பு, வெளியேற்றுக் கூம்பு என்று மூன்று கூம்புகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூன்றையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பழைய கூம்பின் தொண்டை வட்டமாக இராது, முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். உட்புறம் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் படிவு. மெல்லிய அமிலத்தில் ஊறவைத்தால் படிவு போய்விடும். தேய்ந்த தொண்டை திரும்பாது. கம்பியோ அரமோ போட்டுச் சுரண்டினால் இருந்ததும் போயிற்று. கூம்புகளை ஒரு செட்டாகவே மாற்ற வேண்டும், இந்த இன்ஜெக்டரில் ஒன்று அந்த இன்ஜெக்டரில் ஒன்று என்று கலந்து மாட்டினால் வழிந்துகொண்டேயிருக்கும்.

புதிதாக மாட்டிய இன்ஜெக்டரும் வேலை செய்யவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் இன்ஜெக்டரில் இராது. தண்ணீர்க் குழாயின் ஓர் இணைப்பு காற்றை உறிஞ்சும். அல்லது பாய்லர் முகத்தில் உள்ள கிளாக் என்ற ஒருவழி வால்வு சரியாக மூடாமல், கொதிநீர் திரும்பி வந்து இன்ஜெக்டரைச் சூடாக்கும். கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஓடாத நேரத்தில் இன்ஜெக்டர் சூடாக இருந்தால் முதலில் கிளாக்கைத் தேய்த்து உட்கார வையுங்கள். இந்த எஞ்சினுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. தொட்டி பாய்லர் மேலேயே உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் தானாகவே சூடாகும், சூடான தண்ணீரை இன்ஜெக்டர் எடுக்க மறுக்கும். குளிர்காலச் சோதனையில் அருமையாக ஓடிய இன்ஜெக்டர் ஆகஸ்டில் சண்டித்தனம் செய்வதற்கு இதுதான் காரணம். தேய்மானம் எல்லைக்கோட்டில் உள்ள கூம்பைக் கடன் வாங்காதீர்கள், கோடையில் வட்டியோடு கேட்கும்.

சேஃப்டி வால்வை எஞ்சின் விட்டு எஞ்சின் மாற்றலாம். ஆனால் மாற்றியதும் பரிசோதகர் முன்னிலையில், சரிபார்த்த பிரஷர் கேஜை வைத்து, நீராவியோடு 170 பவுண்டுக்கு அமைக்க வேண்டும். பழைய எஞ்சினில் சரியாக ஊதியது என்பது கணக்கில் வராது. ஈயப் பிளக் மட்டும் எக்காரணத்துக்கும் பழையதைப் போடக் கூடாது. ஃபயர்பாக்ஸின், அதாவது நெருப்பு எரியும் பெட்டியின், கூரையில் தண்ணீர் வற்றினால் உருகி எச்சரிக்க வேண்டிய ஈயம், வருடக்கணக்கில் வெந்து படிவு மூடிய பிறகு உருகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. புதிதாக, தேதி குத்தி, திருகு மறையைச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ், ஜாயின்ட், ஸ்பிலிட் பின் எல்லாம் அதே கணக்கு. சில்லறைக் காசில் வருபவை, அவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி ராடுகள். ஆஸ்டெரிட்டியின் கப்ளிங் ராடு இன்னொரு ஆஸ்டெரிட்டியில் ஏறிவிடும் என்பது உண்மை. சரியாக ஓடும் என்பது தனிக் கேள்வி. வரைபடத்தில் அச்சுக்கு அச்சு உள்ள தூரம் ஒன்றே. ஆனால் ஆக்சில்பாக்ஸைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் ஹார்ன் கட்டைகள் தேய்ந்து, இடைவெளிக்கு ஷிம் தகடு போட்டு, மறுபடி தேய்ந்த எஞ்சினில் அச்சு 32-ல் 1 அங்குலம் நகர்ந்து நிற்பது சாதாரணம். அங்கே ராடின் துளைகளும் அதே அளவு நகர்த்திப் புஷ் போடப்பட்டிருக்கும். அந்த ராடைக் கொண்டுவந்து நேராக நிற்கும் அச்சுகளில் மாட்டினால், கிராங்க் முன்னும் பின்னும் நேர்கோட்டுக்கு வரும்போதெல்லாம் பிடிக்கும். புஷ் தளர்வாக இருந்தால் தெரியாமல் ஓடும். மே மாதம் புஷ் வெந்துபோன பிறகுதான் தெரியும். வழி இதுதான்: அச்சு மையங்களை டிராமெல் (இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கும் கோல்) வைத்து இருபக்கமும் அளக்கவும், ராடின் மையங்களை அதே டிராமெலால் அளக்கவும், வித்தியாசம் எவ்வளவு என்று ராடிலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதவும். பிறகு புஷ்ஷை அந்த எஞ்சினுக்கென்று கடையவும். மாட்டியதும் கடப்பாரையால் சக்கரத்தை நெம்பி ஒரு முழுச் சுற்று தள்ளி, கால் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, ஒவ்வொரு ராடையும் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். நான்கு இடத்திலும் ஒரே மாதிரி ஆட வேண்டும். 25 மைல் வேகத்தில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிஸ்டனும் அப்படியே. 18 அங்குலம் என்பது பிறந்த அளவு. சிலிண்டரை எத்தனை முறை உள்ளே கடைந்து பெரிதாக்கினார்கள் என்று ஆவணத்தை நம்பாமல் முன், நடு, பின் மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். மூன்று இடத்திலும் அளவு மாறினால் கடன் வாங்கிய பிஸ்டன் பயனில்லை, முதலில் சிலிண்டர் வேலை. வளையத்தின் வாய் இடைவெளிக்குப் பட்டறைக் கணக்கு விட்டத்தில் அங்குலத்துக்கு 3 முதல் 4 தௌ, அதாவது ஆயிரத்தில் மூன்று நான்கு பாகம். 18 அங்குலத்துக்கு 54 முதல் 72 தௌ. குறைத்தால் சூட்டில் வாய் முட்டி வளையம் உடையும், கூட்டினால் நீராவி கசியும். கனெக்டிங் ராடையோ பிஸ்டன் ராடையோ மாற்றிய பின் நிச்சயமாகச் செய்ய வேண்டியது, பிஸ்டன் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது. ராடு கழற்றிய நிலையில் பிஸ்டனை முன் மூடியில் இடிக்கும்வரை தள்ளி, பிஸ்டன் ராடின் முனையில் உள்ள கிராஸ்ஹெட் சறுக்கும் தண்டில் ஒரு கோடு, பின்னால் இழுத்து இன்னொரு கோடு. ராடு மாட்டிச் சுற்றும்போது ஓட்டத்தின் இரு முனையும் இந்தக் கோடுகளுக்கு உள்ளே, இருபுறமும் சம தூரத்தில் நிற்க வேண்டும். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கை மறுபடி கடைந்தாலே ராடின் நீளம் மாறிவிடும் என்பதை மறந்து இந்தக் கோடு போடாதவர்களுக்குத்தான் சிலிண்டர் மூடி உடையும்.

எஞ்சினின் பெரிய குறை இங்கே வருகிறது. சிலிண்டர், வால்வு கியர், கிராங்க் எல்லாம் சட்டங்களுக்கு நடுவே. குழி இல்லாத ஷெட்டில் இந்த எஞ்சினை வைத்துக் குளிர்கால வேலை செய்ய முடியாது. வெளியே சிலிண்டர் உள்ள எஞ்சினில் நின்றுகொண்டு செய்யும் வேலையை இங்கே குழிக்குள் குனிந்து, முகத்தில் எண்ணெய் சொட்ட, கையை மட்டும் உள்ளே விட்டுச் செய்ய வேண்டும். பிப்ரவரி குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். ஒரே பாகத்துக்கு இரண்டு பங்கு நேரம் ஒதுக்குங்கள்.

சிலிண்டருக்குள் நீராவியை விடும் ஸ்லைடு வால்வைக் கடன் வாங்குவதானால் லேப் அளவையும் (நடுநிலையில் வால்வு துளை விளிம்பைத் தாண்டி மூடும் அளவு) வால்வின் தடிமனையும் பாருங்கள். முகம் பலமுறை செதுக்கப்பட்டு மெலிந்த வால்வு நீராவி அழுத்தத்தில் வளைந்து ஒட்டாமல் போகும். புது வால்வு வந்தால் வால்வுத் தண்டின் நீளத்தைத் திருத்தி இரு முனையிலும் திறப்பைச் சமப்படுத்தியே ஆக வேண்டும். இது சரியாக அமைந்ததா என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், காது போதும். ஒரு சுற்றுக்குப் புகைபோக்கியில் நான்கு மூச்சு. நான்கும் ஒரே கனமாக விழ வேண்டும். மூன்று கனம், ஒன்று மெலிவு என்று கேட்டால் எஞ்சின் நொண்டுகிறது.

சக்கர ஜோடியைத் தனியாக ஒன்றை மட்டும் மாற்ற ஆசைப்பட வேண்டாம். இணைத்த சக்கரங்கள் மூன்று அச்சிலும் ஒரே விட்டத்தில் இருந்தாக வேண்டும். ஒரு ஜோடி டயர் தடிமனாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றும், தரையில் மட்டும் வெவ்வேறு தூரம் போகப் பார்க்கும். அந்த முரண் முழுதும் ராடுகளில் இறங்கும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது மூன்றையும் லேத்தில் ஏற்றி ஒரே அளவுக்குக் கடையுங்கள். நடு அச்சு, பிஸ்டன்கள் சுற்றும் மடிப்புகள் கொண்ட கிராங்க் ஆக்சில். அதன் மடிப்பு மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் சோதனை செய்யாமல் இன்னோர் எஞ்சினுக்குக் கீழே தள்ளுவது குற்றம் என்றே சொல்வோம். ஆக்சில்பாக்ஸ் தனியாகப் பயணிக்காது. அதன் உட்புறத்து வெண்ணுலோகம் ஒரு குறிப்பிட்ட ஜர்னலுக்காக, அதாவது அச்சில் அதற்குள் சுழலும் பகுதிக்காக, சுரண்டப்பட்டது. ஜர்னலின் விட்டத்தில் அங்குலத்துக்கு 1 தௌ இடைவெளி என்பது பொதுக் கணக்கு. நீலச் சாயம் தடவி உருட்டிப் பார்த்து, சாயம் பரவலாக ஒட்டும்வரை சுரண்ட வேண்டும்.

ஆஸ்டெரிட்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பாய்லர்தான் தீர்மானிக்கிறது. மூன்று எஞ்சின், நான்கு பாய்லர் என்று வைத்திருக்கும் ஷெட் நிம்மதியாகத் தூங்கும். ஒரு பாய்லர் ஃபயர்பாக்ஸ் பக்கத் தகடு மெலிந்து, தகடுகளைப் பிடித்து நிறுத்தும் ஸ்டே கம்பிகளின் தலைகள் கரைந்து வேலைக்குப் போனால், தயாராக உள்ள இன்னொன்றை அதே சட்டத்தில் இறக்கிவிடலாம். பிரிட்டனில் பாரம்பரிய ரயில் பாய்லர்கள் வழக்கமாகப் பத்தாண்டு சுழற்சியில் முழுப் பராமரிப்புக்கு வருகின்றன. நடுவில் வருடா வருடம் குளிர்ந்த நிலையில் ஒரு சோதனை, நீராவியோடு ஒரு சோதனை. 2000-ம் ஆண்டின் அழுத்த அமைப்புப் பாதுகாப்பு விதிகள் அதற்கு எழுதிவைத்த சோதனைத் திட்டம் கேட்கின்றன. சான்றிதழ் பாய்லருக்கு உரியது, எஞ்சினுக்கு அல்ல. பாய்லர் மாறினால் சான்றிதழும் அதன் மிச்ச வருடங்களும் கூடவே போகும். ஐந்து வருடம் மிச்சமுள்ள பாய்லரை, சட்டமும் சக்கரமும் புதிதாகச் செய்து முடித்த எஞ்சினில் வைத்தால் ஐந்தாம் வருடம் மறுபடி எல்லாவற்றையும் தூக்க வேண்டிவரும். அந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொண்டு கிரேனைக் கூப்பிடுங்கள்.

தூக்கும் வேலையில் வரிசை முக்கியம். தொட்டியை வடித்துத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு உறைத்தகடு. பழைய எஞ்சினில் உறைக்கு அடியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்றவர்கள் வந்து எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அடுத்து பாய்லரின் முன்முனையில் உள்ள புகைப் பெட்டியான ஸ்மோக்பாக்ஸுக்குள் நீராவிக் குழாய்கள், கழிவு நீராவியைப் புகைபோக்கிக்கு விடும் பிளாஸ்ட் பைப், பிறகு கேபுக்குள் எல்லா இணைப்புகளும். சாம்பல் தட்டும் தணல் கம்பியும் கீழே இறங்கும். கடைசியாக ஸ்மோக்பாக்ஸின் அடிப் போல்ட்டுகளும் ஃபயர்பாக்ஸ் இருபக்கமும் தாங்கும் பிராக்கெட்டுகளும். அந்த பிராக்கெட்டில் பாய்லர் முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும், சூடேறினால் நீளும். புதிய பாய்லரை இறக்கியவர்கள் அதைக் கவனிக்காமல் இறுக்கிவிட்டால் நீட்சி போக வழியில்லாமல் ஸ்மோக்பாக்ஸ் இணைப்பு கசியத் தொடங்கும்.

பொருந்தாத இடங்கள் எங்கே வரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சுரங்கத்தில் இருந்த எஞ்சினுக்கு நீராவி பிரேக் மட்டும் இருந்தால் போதுமானதாயிருந்தது. பயணிகள் ரயில் இழுக்க, பெட்டிகளின் பிரேக்குக்காக 21 அங்குல (பாதரச அளவில்) வெற்றிடம் உண்டாக்கும் எஜெக்டர் வேண்டும், அதைப் பிற்பாடு ஒவ்வொரு ஷெட்டும் தன் வசதிக்கு வைத்தது. ஆகவே கேபுக்குள் நீராவிக் குழாய் எங்கே வெளியே வருகிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 1960-களில் ஹன்ஸ்லெட் புகையைக் குறைக்க அடியிலிருந்து நிலக்கரி தள்ளும் ஸ்டோக்கர் பொருத்திய எஞ்சின்கள் உண்டு. கீசல் வகைத் தட்டைப் புகைபோக்கி போட்டவையும் உண்டு. அவற்றின் ஃபயர்பாக்ஸ் அடிப்பகுதியும் ஸ்மோக்பாக்ஸும் சாதாரண எஞ்சினோடு அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லா மறைகளும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு என்பதை ஷெட்டுக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். முக்கால் அங்குல விட்வொர்த்துக்கும் முக்கால் அங்குல அமெரிக்க மறைக்கும் அங்குலத்துக்கு 10 புரிதான். கையால் திருகினால் ஏறிவிடும். ஆனால் ஒன்றின் பள்ளக் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. பக்கங்கள் முழுதாக ஒட்டாது, நுனியில் மட்டும் பிடித்திருக்கும். அரை அங்குலத்தில் இந்த ஆபத்து இல்லை, 12-க்கு 13 என்பதால் இரண்டு சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். பாய்லர் ஸ்டட்டில் கலந்துபோன நட்டு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பனிக்காகச் செய்ய வேண்டியது எந்த எஞ்சினுக்கும் உள்ளதுதான், ஆனால் கடன் கொடுத்த எஞ்சினில் அதை மறந்துவிடுகிறார்கள். பாகம் கழற்றிய எஞ்சினைத் ‘தற்காலிகம்’ என்று ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். அதன் மறுபக்க இன்ஜெக்டரில் தண்ணீர் நிற்கும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், பித்தளை உடல் கீறிவிடும். ஆக, ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டை இழந்தாயிற்று. பாய்லர், தொட்டி, குழாய்களின் தாழ்ந்த வளைவுகள், லூப்ரிகேட்டர், கிளாக் எல்லாவற்றையும் வடித்து, சிலிண்டர் காக்குகளைத் திறந்தே வைத்து, நீராவியைத் திறக்கும் ரெகுலேட்டர் கைப்பிடியில் ‘வடித்தாயிற்று’ என்று அட்டை கட்டுங்கள். ஸ்மோக்பாக்ஸ் சாம்பலை அன்றைக்கே அள்ளுங்கள். ஈரம் பட்ட கரியில் உள்ள கந்தகம் அமிலமாகித் தகட்டைத் தின்னும்.

கடனாகப் போன பாகத்துக்கு அட்டை கட்டும் பழக்கம்தான் இந்த முறை பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த எஞ்சினிலிருந்து, எந்தப் பக்கம், என்ன அளவு, ஏன், எப்போது திரும்பும் என்று ஐந்து வரி. அதே ஐந்து வரி கடன் கொடுத்த எஞ்சினில் காலியாக இருக்கும் இடத்திலும் தொங்க வேண்டும். அதோடு, கெட்டுப்போன பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் அந்தக் காலி இடத்தின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து மாதிரிக்கு அதுதான் உதவும். இது நடக்காத இடங்களில் ஓர் எஞ்சின் ஓட, இன்னொன்று வருடா வருடம் எலும்புக்கூடாகிக்கொண்டே போவதைப் பார்க்க மனம் பொறுக்காது. அந்த எஞ்சினுக்கும் அன்பர்கள் பணம் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் தீர்ப்பு: பத்து மைலுக்கு உட்பட்ட பாதை, ஐந்து பெட்டி, குழியோடு கூடிய ஷெட், ஒரு லேத், ஆர்வமுள்ள ஃபிட்டர்கள் நான்கு பேர் என்றால் இதைவிடப் பொருத்தமான நீராவி எஞ்சின் பிரிட்டனில் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். இரண்டாவதாக வாங்குவது ஓடாத நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, பாய்லர் தகடு நல்லதாக இருக்க வேண்டும். குறுகிய அச்சுத் தூரத்தில் இவ்வளவு எடையை மேலே தூக்கி வைத்திருப்பதால் வேகத்தில் முன்னும் பின்னும் துள்ளும், அதற்காக மதிப்பெண் குறைக்கிறோம். உள்சிலிண்டருக்காக இன்னும் கொஞ்சம். பாகம் கிடைக்கும் வசதிக்கு முழு மதிப்பெண்.

விலை பேசப் போகும்போது கையில் ஒரு டிராமெல், உள்விட்ட மைக்ரோமீட்டர், கம்பித் தூரிகை, டார்ச் எடுத்துப் போங்கள். வண்ணப்பூச்சைப் பார்க்க வேண்டாம். ஸ்மோக்பாக்ஸ் கதவைத் திறந்து குழாய்த் தகட்டின் கீழ்ப்பகுதியை, ஃபயர்பாக்ஸுக்குள் தலையை விட்டுத் தணல் மட்டத்தில் உள்ள ஸ்டே தலைகளை, பிறகு ராடுகளில் குத்திய எண்களை என்று இந்த வரிசையில் பாருங்கள். ராடில் உங்கள் ஷெட்டில் ஏற்கெனவே நிற்கும் எஞ்சினின் எண்ணே இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், அளந்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.